வட்டவளை வேலாயியின் நாலாவது இசைத்தட்டு

சின்னராசா செத்துப்போன சேதியைச் சின்னராசாவே கேட்டது அட்டன் பஜாரில், ஸரிபுதீன் முதலாளியின் கடையில் வைத்து. மகள் ராசம்மாவுக்கு வைகாசியில் கல்யாணம். முகூர்த்தச் சேலை எடுப்பதற்காகக் காலை ரயிலில் வட்டவளையிலிருந்து ஏறி வந்திருந்தான். அரக்குச் சிவப்பில் ஒரு சேலையை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போகுமா என்று விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லாப்பெட்டிக்கு மேலிருந்த ரேடியோவில் அந்தக் குரல் எழுந்தது.

முதல் இழுவையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அவன் தோளில் போட்டு வளர்த்த தங்கச்சி வேலாயி. மூன்று வருடத்தில் இலங்கை முழுக்கப் பேர் வாங்கிவிட்ட ‘வட்டவளை வேலாயி.’ தை மாதத்தில் அவளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். பங்குனி பிறந்தும் பதில் இல்லை. பதில்தான் வரவில்லை, குரலாவது காதில் விழுகிறதே என்று அவன் மனம் கொஞ்சம் இளகியது. சேலையை மடியில் வைத்துக்கொண்டு காது கொடுத்தான்.

“வட்டவளை ரோட்டோரம் — வரிசையாச் சவுக்கிருக்க
ஒத்தையில போனியே — என் ஒடம்பொறப்பே சின்னராசா!
இஞ்சின் ரூம்பு வாசலிலே — எண்ண மணம் வீசயிலே
கஞ்சி கொண்டு யார் வருவா — நீ கண்ண மூடிப் போனபின்ன!”

ஒப்பாரி. பேர் சொல்லி, ஊர் சொல்லி, பார்த்த வேலையையும் சொல்லிப் பாடுகிற அசல் ஒப்பாரி. நடுவில் மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

வட்டவளையில் தேயிலை ஃபேக்டரி இஞ்சின் அறையில் வேலை செய்கிற சின்னராசா அவன் ஒருவன்தான். வேலாயிக்கு உடன்பிறந்தவனும் அவன் ஒருவன்தான். கை தானாகப் போய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, வழக்கத்தைவிட இரண்டு பங்கு வேகமாக.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். குடை வாங்க வந்த ஒரு சிங்கள அம்மாள், ஒரு வார்த்தை புரியாமலே கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற வேறு தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

“பாவம், யாரு பெத்த புள்ளையோ இந்தச் சின்னராசா. குடுத்து வச்சவன். இப்பிடிப் பாடுறதுக்கு ஒரு தங்கச்சி இருந்தா எப்ப வேணா சாகலாங்க” என்று சின்னராசாவிடமே சொன்னார்.

ஸரிபுதீன் முதலாளி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்து வந்தார். வேலாயியை முதன்முதலாகக் கொழும்புக்குக் கூட்டிப்போய் இசைத்தட்டுக் கம்பெனியில் பாட வைத்தவரே அவர்தான். துணியோடு கிராமபோனும் இசைத்தட்டும் விற்கிறவர், ஊர் ஊராக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்.

“தம்பி, ஒக்காரு. தண்ணி குடி. அது பாட்டுத்தானே. கம்பெனிக்காரன் கேட்டிருப்பான், புள்ள பாடியிருக்கு. போன மாசம் வந்த பிளேட்டு. சிங்கள ஆளுங்கதான் வந்து வந்து வாங்கிட்டுப் போறாங்க, எங்கிட்ட மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரேடியோவுல ஒரு பக்கத்த மட்டுந்தான் போடுறாங்க. பாட்டு மத்தப் பக்கத்துலயும் தொடருது. இரு, எடுத்துப் போடுறேன், முழுசாக் கேளு.”

“ஒரு பக்கம் செத்தது போதும் மொதலாளி” என்றான் சின்னராசா. சேலையை எடுக்காமலே படியிறங்கிவிட்டான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவன் நடுக்கம் புரியும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை யாரும் வாயெடுத்துப் பாடமாட்டார்கள். விளையாட்டாகக் குழந்தை முணுமுணுத்தாலும் வாயிலேயே அடி விழும். உயிரோடிருக்கிற மனிதனின் பேரைச் சொல்லி ஒப்பாரி பாடுவதென்றால், அது செய்வினை வைப்பதைவிடக் கொடிய காரியம். அதையும் உடன்பிறந்தவளே செய்திருக்கிறாள். தகனத்துக்கு நாலு பேரைக் கூப்பிடாமல் நாட்டையே கூப்பிட்டுச் செய்திருக்கிறாள்.

ஆனால் சின்னராசா ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அவன் செய்து வைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

தாய் தகப்பன் போனபோது வேலாயிக்கு ஆறு வயது. சின்னராசாவும் பெண்சாதி மீனம்மாவும்தான் வளர்த்தார்கள். ராசம்மாவும் வேலாயியும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்று வளர்ந்த அத்தையும் மருமகளும். வேலாயி கொழுந்து பறிக்கும்போது பாடினால் பக்கத்து மலையில் பறிக்கிறவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள். கங்காணி வந்து கத்துவார். அவளுடைய கொழுந்துப் பாட்டை ஒரு திருவிழாவில் கேட்டுவிட்டு ஸரிபுதீன் முதலாளி இசைத்தட்டாக்கினார். சின்னராசாவும் சந்தோஷமாகத்தான் ரயிலேற்றி அனுப்பினான். அந்த முதல் தட்டு தோட்டத்துப் பஜார்களில் எல்லாம் விற்றது. அதோடு நின்றிருந்தால் வம்பில்லை.

வேலாயிக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்த அழகுமுத்துவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, பந்தலுக்குக் கால் நடுகிற சமயத்தில், கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கொழும்பிலேயே தங்கிப் பாடவேண்டும், ரேடியோவிலும் இடம் இருக்கிறது, உடனே வா என்றார்கள். கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி வேலாயி அண்ணன் காலைப் பிடித்தாள். சின்னராசாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். “கல்யாணமா, பாட்டா, ஒண்ணச் சொல்லு” என்றான். அவள் துணி மூட்டையை எடுத்தாள்.

தொழிலாளர் வரிசைவீடான லயத்துச் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சின்னராசா மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்து தலை முழுகினான். செத்தவர்களுக்காகத்தான் அப்படி முழுகுவார்கள். கூடப் பிறந்தவளை உயிரோடு தலை முழுகுகிறவனை ஊர் தடுத்திருக்க வேண்டும், யாரும் தடுக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து நின்று அவன் கத்தினான்:

“இன்னைக்கோட எனக்குத் தங்கச்சி செத்துட்டா! இனி இந்த வீட்டுலேருந்து ஒனக்கு ஒரு கடுதாசி வந்துச்சுன்னா அது என் சாவுக் கடுதாசியாத்தான் இருக்கும். அப்பவும் நீ வரக் கூடாது. என் பொணத்தோட மொகத்துலகூட நீ முழிக்கக் கூடாது!”

வேலாயி பாதையில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போனவள்தான்.

தலை முழுகியவன் சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை. இரண்டாவது தட்டில் தாலாட்டுப் பாடினாள் என்று கேள்விப்பட்டு, ஆணி வாங்குகிற சாக்கில் அட்டனுக்குப் போய் ஸரிபுதீன் கடை வாசலில் நின்று கேட்டான். மூன்றாவது தட்டில் கம்பெனிக்காரர்கள் கொழுந்துப் பாட்டோடு அக்கோடியனையும் பொங்கோவையும் சேர்த்துவிட்டார்கள். அதுதான் சிங்களவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில் அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போயிருந்தபோது, கடைத்தெருவில் சிங்கள முதலாளி ஒருவர் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட, மலையேற வந்த சனம் தாளம் தட்டிக்கொண்டே தேநீர் குடித்ததைச் சின்னராசா தன் கண்ணால் பார்த்தான். என் தங்கச்சி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தலை முழுகியவன் எப்படிச் சொல்வது? தேநீரோடு விழுங்கிக்கொண்டான்.

பிறகு ராசம்மாவுக்குக் கந்தப்பளையில் மாப்பிள்ளை அமைந்தது. தகப்பன் முகத்துக்கு நேரே ராசம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “அத்தை வராம நான் மணவறையில ஒக்கார மாட்டேம்ப்பா.”

நாலு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் திரிந்தவன், ஐந்தாம் நாள் இஞ்சின் அறையில் வேலைக்கு நடுவே, எண்ணெய்த் தகரத்தின் மேல் தாளை வைத்து, பென்சிலால் கடிதம் எழுதினான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்து. மூன்று தாளைக் கிழித்துப்போட்டு நாலாவதை எழுதி முடித்தான். யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று அவசர அவசரமாக மடித்து உறையில் போட்டு ஒட்டினான். தன் பேரை வெளியே போட வீறாப்பு விடவில்லை. ‘மூணாம் நம்பர் லயம், வட்டவளை’ என்று மட்டும் எழுதினான். ரேடியோ நிலையத்து மேல்விலாசம் போட்டு, தபால்காரர் கையில் தானே கொடுத்தான். மீனம்மாவிடமும் மகளிடமும் “எழுதியாச்சு” என்றதோடு சரி. வேறொருவருக்கும் மூச்சுவிடவில்லை.

அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்தான் இந்த ஒப்பாரி. சின்னராசா அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி என்பதே இல்லாமல் போயிற்று. ரேடியோவைத் திறந்தால் சாகிறான். பஜாருக்குப் போனால் மூன்று கடை ரேடியோவில் சாகிறான். வேலாயியின் முந்திய மூன்று தட்டுகளும் சேர்ந்து விற்றதைவிட இந்த நாலாவது தட்டு அதிகமாக விற்றது. தமிழே தெரியாத காலிப் பக்கத்திலும் நீர்கொழும்பிலும் சனம் இதைக் கேட்டு அழுகிறது என்றார்கள். கொழும்பில் பெரிய பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் அவளைக் கூப்பிட்டுப் பாட வைக்கிறார்கள் என்றார்கள். அண்ணனைக் கொன்றுதான் தங்கச்சி இவ்வளவு உயரம் போயிருக்கிறாள் என்று நினைக்க நினைக்கச் சின்னராசாவுக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து தூரத்துச் சொந்தக்காரி செல்லம்மா, நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, கீழ் ரோட்டிலிருந்தே தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டு ஏறி வந்தாள். ரேடியோவில் கேட்டுத்தான் விஷயம் தெரியுமாம். கேதம் சொல்லி விடவில்லையே என்று மீனம்மாமேல் கோபம் வேறு. வாசலுக்கு வந்து பார்த்தால், செத்தவன் படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறான். செல்லம்மா பேயறைந்த மாதிரி நின்றாள். கட்டிப்பிடித்து அழ வந்த கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னராசா ஒரு துண்டை எடுத்து நீட்டினான். “கெழங்கு தின்னுறீங்களா?” என்று கேட்டான்.

லயமே சிரித்தது. ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அத்தை அப்பிடிப் பாடாதுப்பா. என்னமோ நடந்திருக்கு. ஒரு எட்டுப் போயி அதுகிட்டக் கேளுங்களேன்.”

“கேக்கத்தான் போறேன்” என்றான் சின்னராசா. “எல்லாரு முன்னுக்கும் வச்சுக் கேப்பேன்.”

கேட்பதற்குச் சந்தர்ப்பம் தானாக வந்தது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, அட்டன் படக்கொட்டகையில் பிற்பகல் மூன்று மணிக்கு ‘வட்டவளை வேலாயி’ நேரில் தோன்றிப் பாடுவாள் என்று தமிழிலும் சிங்களத்திலும் சுவரொட்டி ஒட்டினார்கள். சின்னராசா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, தன் கல்யாணத்துக்குப் பிறகு போடாத கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் திட்டம் ரொம்பச் சின்னது. அவள் ஒப்பாரியைப் பாடி முடித்ததும் எழுந்து நிற்பது. ‘நாந்தான் அந்தச் சின்னராசா. இவ பொய்க்காரி’ என்று கொட்டகை அதிரக் கத்துவது. அவளுடைய பேரும் புகழும் அந்த ஒரு சத்தத்தில் மண்ணோடு மண்ணாகப் போகவேண்டும். கத்திவிட்டு வீட்டுக்குப் போய், அத்தை இல்லாமலே மகளை மணவறையில் உட்கார வைப்பது. உட்காராவிட்டால் இரண்டு அறை.

ஒலிபெருக்கி கட்ட வந்திருந்த ஸரிபுதீன் முதலாளி அவனைப் பார்த்ததும், என்ன நினைத்தாரோ, கையைப் பிடித்துக்கொண்டுபோய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்.

“முழுசாக் கேளு தம்பி. பாதியில எந்திரிச்சு ஓடிறாத” என்றார்.

கொட்டகை நிரம்பி, சுவரோரமும் சனம் நின்றது. முன்வரிசையில் டாக்டர், தபால் மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர், அவர்கள் வீட்டு அம்மாமார், பின்னால் கடைக்காரர்கள், அதற்கும் பின்னால் பத்துத் தோட்டத்துச் சனம். அரைவாசிப் பேர் சிங்களவர். திரை விலகி வேலாயி வந்து நின்றபோது எழுந்த கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

மெலிந்திருந்தாள். கறுப்புச் சேலை, தலையில் பூ இல்லை, கழுத்தில் ஒரு மணிகூட இல்லை. சுவரொட்டியில் பளபளவென்று சிரித்தவள் நேரில் இப்படி இருந்தது சின்னராசாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எல்லாம் வேஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். கொழுந்துப் பாட்டும் தாலாட்டும் முடிந்தன. பிறகு அவள் அக்கோடியன்காரரையும் மற்றவர்களையும் உள்ளே போகச் சொன்னாள். கூந்தலை அவிழ்த்து, மேடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு ஆள் மைக்கை அவள் முகத்துக்கு நேரே தாழ்த்தி வைத்தான்.

வட்டவளை ரோட்டோரம் என்று தொடங்கியதும் கொட்டகையில் தும்மல் சத்தம்கூட இல்லை. சின்னராசாவின் கைகள் நாற்காலிச் சட்டத்தை இறுக்கின. கஞ்சி கொண்டு யார் வருவா என்ற இடத்தோடு அவனுக்குத் தெரிந்த பாட்டு முடிந்தது. அவன் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான்.

ஆனால் பாட்டு முடியவில்லை. அவன் கேட்கமாட்டேன் என்று தள்ளிவிட்டு வந்த அந்த மற்றப் பக்கம் அப்போதுதான் தொடங்கியது.

“தண்ணிய நீ ஊத்திக்கிட்டு — தலமுழுகி விட்டாலும்
கண்ணீர நான் ஊத்த வந்தேன் — கதவத் தொற என் பொறப்பே!
மூணு வருசமா நான் — மொகம் பாக்கக் காத்திருந்தேன்
மூலையெல்லாம் கறுப்புத் தொட்டு — மொதக் கடுதாசி வந்ததண்ணே!

நல்லசேதி வருமுன்னு — நாளெல்லாம் பாத்திருந்தேன்
சொன்னசொல்லத் தப்பாம — சாவுச்சேதி அனுப்பினியே!
கறுப்பக் கண்ட கண்ணால — காயிதத்தப் பாக்காம
பிரிக்காமக் கிழிச்செறிஞ்சேன் — பேதை நான் என்ன செய்வேன்!”

சின்னராசா நின்றபடியே நின்றான்.

நல்ல காரியத்துக்கு எழுதுகிற கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தொடுவார்கள். சாவுக் கடிதத்தின் மூலைகளில் கறுப்புத் தொடுவார்கள். மூலையில் கறுப்பைக் கண்டால் அந்தக் கடிதத்தை வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். கிழித்து எறிந்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். இது படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் மஞ்சளும் தொடவில்லை, கறுப்பும் தொடவில்லை. இஞ்சின் எண்ணெயும் கரியும் அப்பிய கையால், உறையின் நாலு மூலையையும் பிடித்து அழுத்தி அழுத்தி ஒட்டினான். அவ்வளவுதான்.

அவன் தன் கையைப் பார்த்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த கை. நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. ‘அட பாவி, அட பாவி’ என்று தன்னையே திட்டிக்கொண்டான். வா என்று அழைத்து அனுப்பிய கடிதத்தை அவனே சாவுக் கடிதமாக்கி அனுப்பியிருக்கிறான். அவள் அதை நம்பிவிட்டாள். பிணத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்று தடை போட்டிருந்ததால் வரவும் முடியாமல், போய் அழ வேறு இடமில்லாமல், கம்பெனியில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மூன்று மாதமாக அழுதுகொண்டே இருக்கிறாள். அவள் பழி தீர்த்ததாக நினைத்து அவளை அழிக்கவென்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான் அவன்.

“வேலாயி!” என்று கத்தினான். “வேலாயி, நாந்தான் தாயி! நான் சாகல!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாட்டு பாதி வார்த்தையில் அறுந்தது. அவள் வாயிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. எந்த ராகத்திலும் சேராத கூச்சல். அதுவும் பாட்டில் ஒரு கட்டம் என்று நினைத்து முன்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள். டாக்டர் வீட்டு அம்மாள் தேம்பினாள்.

“ஒக்காருய்யா!” என்று பின்னாலிருந்து அதட்டினார்கள்.

“நாந்தாய்யா சின்னராசா!”

“குடிகாரப் பயலுக்குச் செத்தவன் பேருதான் கெடச்சுதா? வெளியில தள்ளுங்கடா!”

நாலு பேர் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். ஒரு சிங்கள இளைஞன், கண்ணீர் இன்னும் கன்னத்தில் காயாமல், அவன் கோட்டுக் கழுத்தைப் பிடித்து முறுக்கினான். செத்துப்போன சின்னராசாவுக்காக அழுத கோபத்தை எல்லாம் சனம் உயிரோடிருந்த சின்னராசாவின் முதுகில் காட்டியது. கோட்டு தையல் விட்டுக் கிழிந்தது. ஸரிபுதீன் முதலாளி “விடுங்க, விடுங்க, அவருதான்” என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சின்னராசா உதறவில்லை. அடி விழுவது நியாயம் என்றே அவனுக்குப் பட்டது. ஆனால் கண்ணை மேடையிலிருந்து எடுக்கவில்லை.

பேயின் கோட்டைப் பிடித்து யாரும் கிழிக்க முடியாது என்பது அப்போதுதான் வேலாயிக்கு உறைத்திருக்க வேண்டும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அவர அடிக்காதீங்க!” ஒலிபெருக்கி அலறியது. “அது எங்கண்ணன்! மகே அய்யா! மகே அய்யா!” என்று சிங்களத்திலும் சொன்னாள், என் அண்ணன், என் அண்ணன் என்று.

பிடித்திருந்த கைகள் விட்டுவிட்டன. யாரோ ஒருவர் சிங்களக்காரர்களுக்கு விஷயத்தை விளக்க, சலசலப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சந்தோஷப்படுவார்கள் என்றுதான் சின்னராசா நினைத்தான். சிலர் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் வீட்டு அம்மாள் மட்டும் ஏமாந்துபோனவள் மாதிரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப பாட்டு பொய்யா?” என்று ஒரு குரல் கேட்டது.

“பொய்யோ மெய்யோ, மிச்சத்தப் பாடச் சொல்லு! அந்தப் பாட்டுக்குத்தான் டிக்கட் எடுத்தோம்!”

அதைப் பிடித்துக்கொண்டு கொட்டகையே கத்தத் தொடங்கியது. உயிரோடிருக்கிறவன் நடுவில் நிற்க, அவன் ஒப்பாரியை முடித்துக் கொடுக்கச் சொல்லிக் கால்களால் தரையை உதைத்தார்கள். கம்பெனி ஆள் மேடையோரம் ஓடி வந்தார்.

“வேலாயி, மிச்சத்த மட்டும் பாடிரும்மா. நாளைக்குக் கண்டி, அடுத்த கெழம கொழும்பு டவுன் ஹால், எல்லாம் இந்தப் பாட்டுக்காகத்தான் புக் பண்ணியிருக்காங்க. இதப் பாடலேன்னா நீ யாரு?”

வேலாயி அவரைப் பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்:

“மன்னிச்சுக்கங்க. உசுரோட நிக்கிற மனுசனுக்கு நான் எப்பிடிங்க ஒப்பாரி பாடுவேன்? இனி இந்தப் பாட்ட நான் பாட மாட்டேன். எங்கேயும் பாட மாட்டேன்.”

கூரைமேல் கல் விழுந்தது. முதலில் ஒன்று, பிறகு சரமாரியாக. வெளியே நின்றவர்களுக்கும் சேதி போய்விட்டது போலும். வேலாயி அதைக் காதில் வாங்காமல் அவிழ்ந்த கூந்தலோடு மேடைப்படி இறங்கி வந்தாள். சனம் விலகி வழி விட்டது. அவனுக்கு எதிரே வந்து நின்று, கிழிந்த கோட்டுக்குள் கையை விட்டு, அவன் தோளை, கழுத்தை, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

சின்னராசாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எண்ணெய்க் கையென்று சொல்லிவிட நினைத்தான், கையை மட்டும் விரித்துக் காட்டினான். அவள்தான் முதலில் பேசினாள். பாடிப் பாடிக் கம்மிய குரலில், அவனுக்கு மட்டும் கேட்கும்படியாக.

“அந்தக் கடுதாசியில என்னண்ணே எழுதியிருந்தீங்க?”

மூன்று தாளைக் கிழித்துவிட்டு நாலாவது தாளில் எழுதியது அது. ராசம்மாவைப் பற்றி ஒரு வரி, நாள் நேரம் பற்றி ஒரு வரி. அதெல்லாம் இப்போது அவனுக்கு நினைவில் வரவில்லை.

“வீட்டுக்கு வந்துரு தாயின்னு எழுதியிருந்தேன்” என்றான்.